பொட்டலம் எண் பதினேழு

முப்பந்தலுக்குக் கிழக்கே
நாற்பத்தொன்றாம் காற்றாடியின் அடியில்
சல்லிக் குவியலைப் பற்றிப் படர்ந்திருந்தது நரிப்பயறு.
யாரும் விதைக்கவில்லை, யாரும் பிடுங்கவுமில்லை.
கன்னிப்பூவிலும் சேராது, கும்பப்பூவிலும் சேராது.
கிடைத்த மழைக்கு முளைத்து
மாசி வெயிலுக்குள் செத்துப்போகிற கொடி.

குனிந்து எழுதினேன்:
இலை மூன்று. ஒவ்வொன்றும் மூன்றாய்ப் பிளந்தது.
நடுப்பிளவு என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பூ மஞ்சள்,
நீண்ட காம்பின் உச்சியில் இரண்டோ மூன்றோ,
காற்று அடித்த அடியில்
அளவுகோலுக்கு நிற்கவில்லை.
காய் ஈர்க்குச்சி. முற்றினால் கறுப்பு.

"மத்தியானம் என் சோத்துப் பாத்திரத்துல வந்து விழும் மேடம்"
என்றான் காவலுக்கு இருந்த ரெஜின்.
"பனி காயதுக்கு முன்ன வரணும் நீங்க."
நான் வந்ததே பதினொன்றரை பஸ்ஸில்.

நாற்பது காய் எண்ணி
காகிதத்தில் மடித்து
எண் பதினேழு, ஆரல்வாய்மொழி, தேதி எழுதித்
தோள்பையில் போட்டேன்.

தோவாளை தாண்டும்போது தொடங்கியது.
டிக்.
கொஞ்சம் விட்டு
டிக் டிக்.
பிச்சிப்பூ மூட்டையை மடியில் வைத்திருந்தவள்
என் பையையே பார்த்தாள்.
"வாட்ச்சா?"
"பயறு."
பூ மூட்டையோடு அவள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

காய் காய்வதென்றால் இதுதான்.
இரண்டு ஓடும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கேறும்,
நடுவில் இருக்கும் தையல்
தாங்குமட்டும் தாங்கிவிட்டு விடும்.
சுருண்ட ஓடு அங்கேயே கிடக்கும்.
விதை அங்கே இருக்காது.

வெள்ளமடத்தில் டிரைவர் பிரேக் போட்டார்.
பொட்டலம் என்ன ஆயிற்று என்று பையைத் திறந்தேன்.
திறந்திருக்கக் கூடாது.
இரும்புத் தகட்டுத் தரையில் உருண்டு
சீட்டுக்கு அடியில்,
கண்டக்டர் காலுக்கு அடியில்,
வடசேரியில் இறங்க எழுந்து நின்றவர்களின்
செருப்பு இடுக்குகளில்.
பூக்காரி குனிந்து நாலைந்து பொறுக்கித் தந்தாள்.
"இந்தப் பொடிக்கா அவ்வளவு சத்தம்!"

தராசில்
நூறு விதை முக்கால் கிராம்.
நிறம் வறுத்த காப்பிக்கொட்டை.
மேலே புழுதி படிந்ததுபோல் ஒரு சொரசொரப்பு,
கழுவினாலும் போகவில்லை.
தொப்புள் மட்டும் வெள்ளை.
'காய் ஒன்றுக்கு விதை' என்ற கட்டத்தில்
எட்டு, ஒன்பது, ஏழு என்று எழுதிவந்தவள்
பதினேழுக்கு ஒரு கோடு போட்டேன்.
ஏன் என்று கேட்டார் பேராசிரியர்.
"பஸ்ஸுல போயிட்டு சார்."

ஈரத்தாளில் நூறு வைத்தேன்.
பத்தாம் நாள் பதினொன்று முளைத்திருந்தது.
மற்றவை ஊறக்கூட இல்லை.
நகத்தால் தட்டினால் கல்.
மணல்தாளில் தேய்த்து வைத்த இன்னொரு நூறு
மூன்றே நாளில் வால் விட்டது, எண்பத்தாறு.
இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து எழுதும்போது
தேய்க்காத தட்டின் மேல்தான்
எனக்கு என்னவோ ஒரு மரியாதை.
இருபத்தொன்றாம் நாள் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.
மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு
மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
குலுக்கினால் இன்னும் சத்தம் வரும்.

ஐப்பசியில்
ராணித்தோட்டம் பணிமனை வழியாகப் போனேன்.
பஸ் கழுவுகிற தண்ணீர் வடியும் ஓடை ஓரத்தில்
இலை மூன்று, ஒவ்வொன்றும் மூன்றாய்.
அந்தப் பொட்டலத்தினுடையது என்று சொல்ல
ஆதாரம் எதுவும் இல்லை.
எங்கேயும் முளைக்கிற கொடிதான்.
அளவுகோல் கொண்டுபோகவில்லை.
சுண்டுவிரலை நீட்டி நகத்தோடு வைத்துப் பார்த்தேன்.

பின்னால் ஹாரன்.
ஒதுங்கினேன்.
படிக்கட்டில் அப்பியிருந்த சேற்றை
ஒருவன் குழாய் பிடித்து அடித்தான்.
சேறு முழுக்க
செடிமேல் போனது.